முதற் கவளம் கசப்பு

கரக்பூர் என்றதும் நம்மவரில் பலருக்கு அதன் நடைமேடைதான் நினைவுக்கு வரும். 1,072 மீட்டர் நீளம். உலகிலேயே நீளமானது என்று இளமையில் பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்போம். 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹுப்பள்ளியும் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போய்விட்டன. போகட்டும். ஹௌராவிலிருந்து வரும் இருப்புப்பாதை சென்னைக்கு ஒன்றும் மும்பைக்கு ஒன்றுமாகப் பிரிவது இங்கேதான். அந்தச் சிறப்பை ஒருவரும் பறிக்க முடியாது. பெங்கால் நாகபுரி இரயில்வே என்னும் பழைய கம்பெனியால் வளர்ந்த ஊர் இது. தொழிற்சாலைக்கும் என்ஜின் கொட்டகைக்கும் ஆள் வேண்டி எந்தெந்தத் திசையிலிருந்தோ மக்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆந்திரர், ஒடியர், பீகாரிகள், வங்காளிகள், இவர்களுக்கு நடுவே நாம் என்று, ஒரே வரிசை வீடுகளில் ஐந்து மொழி கேட்கும். சமையல் வேளையில் ஐந்து வகைத் தாளிப்பும் மணக்கும்.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எனக்கு 11 ஆண்டுகள் ஆகின்றன. பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நடைமேடையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத எண்ணியது கோல்பஜாரில் விற்கும் ஒரு காயைப் பற்றி. பாகற்காய்தான். நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் காலனியில் இந்தக் காயால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

நம் நாட்டில் மிதிபாகல், கொம்பன் பாகல் என்று இருவகை சொல்வோம் அல்லவா? வங்காளிகள் அவற்றுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். உருண்டு திரண்டு, இரு முனையும் கூர்ந்து, கட்டைவிரலைவிடச் சற்றே பருத்திருக்கும் சிறு காய் 'உச்சே'. நீண்டு வளர்ந்தது 'கரோலா'. தாவர நூலாருக்கு இரண்டும் ஒரே இனந்தான். லின்னேயஸ் 1753-இல் அதற்கு இட்ட பெயரின் முற்பாதி, கடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; விதையின் ஓரம் பல்லால் கடித்தாற்போல் இருப்பதால் என்பார்கள். ஆனால் கோல்பஜாரில் காய் விற்கும் மாசியிடம் போய் இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள்! (மாசி என்றால் சித்தி. சந்தையில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும்.) கரோலா வாங்கினால் "வறுக்கவா?" என்று கேட்பார். உச்சே வாங்கினால் ஒன்றும் கேட்கமாட்டார். வாங்குகிறவனுக்குச் சாப்பிடத் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

சாப்பிடத் தெரிவது என்றால் என்னவென்பதை நான் அறிந்துகொண்டது பான்ஸ்குராவில். அலுவலக நண்பர் ஒருவரின் வீடு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஹௌரா செல்லும் லோக்கல் வண்டியில் புறப்பட்டோம். பாலிச்சக்கைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கீராய் என்று ஒரு சிறு நிலையம். குளிர்காலத்தில் அதைச் சுற்றியுள்ள வயல்களில் செவந்தியும் சாமந்தியுமாகப் பூத்துக் கிடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கொல்கத்தாவிலிருந்து கூட்டங் கூட்டமாக வருகிறார்கள். நாங்கள் போனபோது பூ ஓய்ந்து காய்கறி தலையெடுத்திருந்தது. வண்டியில் வியாபாரிகளுக்கென்று ஒதுக்கிய பெட்டி கூடைகளால் நிரம்பி, மனிதர் நிற்க இடமின்றி இருந்தது. நண்பரின் தோட்டத்தில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் உச்சேக் கொடியை ஓட விட்டிருந்தார்கள். காலை வெயிலில் அதன் மஞ்சட் பூக்களும், பிளவுபட்ட இலைகளும், கையில் ஒட்டும் பச்சை வாசனையும் எங்கள் தென்காசிப் பக்கத்துப் புழைக்கடையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தின.

நடுப்பகல் ஆகாரத்துக்கு உட்கார்ந்தோம். தட்டில் சோறு வந்தது. பருப்பை எதிர்பார்த்துக் குழி செய்தேன். நண்பரின் தாயார் (நண்பரின் தாயை மாசிமா என்று அழைப்பது இங்கு மரபு) "இருங்கள், முதலில் தேதோ" என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தை நகர்த்தினார். தேதோ என்றால் கசப்பு. அன்று இருந்தது சுக்தோ. உச்சே, வாழைக்காய், கத்தரிக்காய், முள்ளங்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்காய், பருப்பில் இட்டுக் காயவைத்த வடகம் ஆகியவற்றைச் சேர்த்து, ராந்துனி என்னும் ஓமத்துக்கு இனமான சிறு விதையைத் தாளித்து, கடுகு அரைத்து விட்டு, இறக்கும் தறுவாயில் பால் வார்க்கிறார்கள். மிளகாய்க் காரம் கிடையாது, புளி கிடையாது. வெளுத்த நிறம். முதல் வாயில் பால் மணம், இரண்டாவதில் கிழங்கின் இனிப்பு, அப்புறம் மெல்லக் கசப்பு எழுந்து நாவின் பின்புறத்தில் நிற்கிறது. நன்றாக இருந்தது என்று நான் சொன்னதை மாசிமா உபசாரமாக எடுத்துக்கொண்டிருப்பார். மெய்யாகவே நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பருப்பு, வறுவல், காய், மீன், கடைசியில் இனிப்புச் சட்னியும் மிட்டாயும். கசப்பில் புறப்பட்டு இனிப்பில் போய்ச் சேரும் பிரயாணம். தினமும் சுக்தோ செய்ய முடியாது. சாதாரண நாட்களில் உச்சேயையும் உருளைக்கிழங்கையும் சோற்றுப் பானையிலேயே வேகவைத்து எடுத்து, உப்பும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் விட்டுப் பிசைந்து முதற் கவளமாக உண்கிறார்கள். அல்லது வட்டமாக அரிந்து வறுக்கிறார்கள். பயத்தம் பருப்பில் போட்டு வேகவைப்பதும் உண்டு. இரவில் மட்டும் கசப்பு ஆகாது என்பது வழக்கம். ஏன் என்று மாசிமாவிடம் கேட்டேன். "இராத்திரி நாக்கை எழுப்பி என்ன செய்வது?" என்றார்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. சுசுருதர் போன்ற ஆயுர்வேத முன்னோர் உணவை இனிப்பில் தொடங்கச் சொன்னார்கள். நடுவில் புளிப்பும் உப்பும், காரமும் கசப்பும் துவர்ப்பும் கடைசியில். வங்காளத்துச் சமையலறை அந்த ஏட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. சைதன்யரின் வரலாற்றைக் கூறும் 'சைதன்ய சரிதாமிருதம்' என்னும் நூலிலேயே சுக்தோவைப் பற்றிய பேச்சு வருகிறது.

நம் பக்கத்தில் பாகற்காய்க்கு மதிப்பு இல்லாமல் இல்லை. விசுவாமித்திரருக்குச் சிராத்தத்தில் 1,008 காய் படைப்பதாகச் சொல்லி, பாகற்காயை 100 என்றும், பிரண்டையை 300 என்றும், பலாவை 600 என்றும் கணக்கு வைத்து, மேலுக்கு எட்டுக் காயைச் சமைத்துச் சரிக்கட்டிய கதையை வைதிகக் குடும்பத்தார் அறிவார்கள். ஒரே காய் நூறு காய்க்குச் சமம்! பார்சல் அலுவலகத்தில் அப்படி நான் கணக்கெழுதினால் தணிக்கைக்காரர் விடமாட்டார். எனினும் நம் சமையல் முறைகளை எண்ணிப் பாருங்கள். உப்புப் போட்டுப் பிசறிச் சாற்றைப் பிழிந்து கொட்டுகிறோம். மோரில் ஊறவைத்து வற்றல் போடுகிறோம். புளியில் வேகவைத்து வெல்லம் சேர்க்கிறோம். தஞ்சைப் பக்கத்துப் பிட்லையில் துவரம்பருப்பும் கடலையும் தேங்காயும் தனியாவும் அரைத்துவிட்டு நாலு பக்கமும் காவல் வைக்கிறோம். எல்லாம் கசப்பை அடக்கும் உபாயங்கள். வங்காளி அதை அடக்குவதில்லை. பசித்த நாவுக்கு முதலில் அதைத்தான் தருகிறான்.

எங்கள் வரிசை வீடுகளில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆந்திரத்து அம்மாள் காகரகாயைக் கீறிக் காரப்பொடி திணித்து எண்ணெயில் வதக்குகிறார். பீகாரி நண்பர் வீட்டில் சோம்பும் மாங்காய்ப் பொடியும் கலந்த மசாலாவை உள்ளே வைத்து, நூலால் கட்டி வறுக்கிறார்கள். இரண்டு நாள் இரயில் பிரயாணத்துக்குப் பூரியுடன் அதைத்தான் கட்டிக்கொடுப்பார்கள். நீர் வற்ற வறுத்த கரேலா எளிதில் கெடாது. ஒடியர் வீட்டில் வெயில் நாட்களில் நீர்ச்சோற்றுக்கு மொறுமொறுப்பாக வறுத்த கலரா துணை. என் எட்டு வயது மகள் இந்த வீடுகளிலெல்லாம் சாப்பிட்டு வருகிறாள். வீட்டில் புளிக்குழம்பில் மிதக்கும் பாகல் துண்டை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "அம்மா, நாளைக்கு உச்சே பாஜா" என்கிறாள். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.

இனி, நான் சொல்ல வந்த குடும்பத்தின் கதை.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அண்ணாச்சி வண்டித் தொழிற்சாலையில் பிட்டர், திருநெல்வேலிக்காரர், வயது 55. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கைபேசியில் யாரோ அனுப்பிய செய்தி ஒன்று அவருக்கு வந்தது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு ஒரு டம்ளர் குடித்தால் மூன்று மாதத்தில் நோய் வேரோடு போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மறுநாளே ஒரு கிலோ கரோலா வாங்கி வந்தார். மதினி ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு எழுந்து அரைத்து வடிகட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் சாற்றைக் குடித்து, வழக்கமான மாத்திரையையும் விழுங்கி, பலகாரம் சாப்பிட நேரமின்றிக் காலை ஷிப்டுக்குப் புறப்பட்டார். மேம்பாலத்துப் படியில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். அருகிலிருந்த தேநீர்க்காரர் விவரம் தெரிந்தவர். சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு குல்லட் தேநீரைக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தது. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்ததே காரணம் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரை ஒரு பக்கம், வெறும் வயிறு ஒரு பக்கம், அதன்மேல் சாறும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும் என்றார். அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டு வந்து எடுத்த முடிவுதான் விபரீதம். "பாத்தியளா தம்பி, சாத்துக்கு எம்புட்டு வீரியம்! இனி மாத்திரை எதுக்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐந்து மாதம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொழிற்சாலைப் பூட்சுக்குள் வலது காலில் ஏற்பட்ட ஒரு கொப்புளத்தை அவர் உணரவே இல்லை. அந்த நோயில் பாதம் மரத்துப் போவது உண்டு. மதினி சாக்ஸைத் துவைக்கும்போது கறையைக் கண்டார்கள். இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. 19 நாள் ஆஸ்பத்திரிவாசம். பிளஸ் டூ பரீட்சை எழுதும் மகன் அங்கேயே வராந்தாவில் இருந்து படித்தான். இன்று அண்ணாச்சி நடக்கிறார். பழைய இடத்தில் வேலை செய்ய முடியாததால் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். கூடுதல் நேரப் படி போயிற்று.

பாகற்காயில் மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதிலுள்ள சரன்டின் என்னும் பொருளும், இன்சுலினை ஒத்த ஒரு புரதமும் ஆராய்ச்சியாளர்களால் பிரித்தெடுக்கப்பட்டு, சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உடையனவாகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளன. ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பதல்லவா கேள்வி? தாய்லாந்தில் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் பாகற்காய்ப் பொடியை நாலு வாரம் உட்கொண்டவர்களுக்குச் சர்க்கரை சிறிது குறைந்தது. ஆனால் 1,000 மில்லிகிராம் மெட்பார்மின் மாத்திரை உட்கொண்டவர்களுக்குக் குறைந்த அளவுக்கு அது எட்டவில்லை. காக்ரேன் என்னும் அமைப்பு உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டிச் சீர்தூக்குவது. அது 2012-இல் 479 பேர் கலந்துகொண்ட நான்கு சோதனைகளை ஆராய்ந்து, சர்க்கரை நோய்க்குப் பாகற்காயைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று எழுதிற்று. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான பேராய்வு கணக்கிட்டிருக்கிறது. கைபேசிச் செய்திகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது அதிலேயே விளங்கும்.

சாறு குடிப்போருக்கு இன்னொரு அபாயமும் உண்டு. இதை மதினிக்கு நானே சொன்னேன். பாகலோடு சுரைக்காயையும் சேர்த்து அரைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. 2010-இல் டில்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் கலந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தார். சுரைக்காய் சில வேளை கசந்து போகும், அக்கசப்பு நஞ்சு. தனியாகக் குடித்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். பாகற்காயோடு கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று யாரால் சொல்ல முடியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, சுரைக்காயில் ஒரு துண்டை முதலில் வாயிலிட்டுப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும், அதன் சாற்றை வேறெந்தச் சாற்றோடும் கலக்கலாகாது என்று தெளிவாகக் கூறிற்று. கருவுற்ற பெண்கள் பாகற்சாறு குடிப்பதையும், குழந்தைகளுக்குப் பூச்சிக்கென்று இலைச்சாறு புகட்டுவதையும் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. பாகற் கஷாயம் குடித்த குழந்தைகள் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நம் பெரியவர்கள் இதில் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். சித்த வைத்தியர் மருந்து கொடுத்தால் முதலில் சொல்லும் பத்தியம் என்ன? அகத்திக் கீரையும் பாகற்காயும் கூடாது. அவை மருந்தை முறிக்கும். சிறு வயதில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அவர்கள் கூறிய காரணம் இன்றைய விஞ்ஞானத்துக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம். இந்தக் காய் உடம்புக்குள் போய்ச் சும்மா கிடப்பதில்லை, உட்கொள்ளும் மருந்தோடு கைகலக்கும் என்ற மட்டில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாட்டி வைத்தியம் என்ற பெயரால் சாற்றை மொடமொடவென்று குடிக்கிறவர்கள், அந்தப் பாட்டி சொன்ன பத்தியத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

சாறாகக் குடித்தால் ஒரு கிலோக் காய் இரண்டு நாளில் தீர்ந்து போகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதால் ருசியும் இல்லை. நார் முழுதும் குப்பைக்குப் போகிறது. மாசிமா வீட்டில் ஓர் ஆளுக்கு இரண்டு உச்சேக்கு மேல் போவதில்லை. அவரை மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார். அது சோற்றில் முதல் வாய், அவ்வளவே.

அண்ணாச்சி வீட்டில் இப்போது அந்த முறைதான் நடக்கிறது. மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறது; மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை; இரவில் மதினி விளக்கைப் பிடித்துக்கொண்டு அவருடைய இரு பாதங்களையும் விரலிடுக்கு விடாமல் பார்க்கிறார்கள். கோல்பஜார் மாசியிடம் கேட்டு உச்சேப் பிசைவு கற்றுக்கொண்டார்கள். கடுகெண்ணெய் அண்ணாச்சிக்குப் பிடிக்காது, நல்லெண்ணெய்தான். சாற்றின் பெருமையை அவர் இன்னும் முழுவதும் விட்டுவிடவில்லை. "அளவு தப்பிப் போச்சு தம்பி, அதான்" என்பார். மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், பேச்சு மாறிவிடும்.

பங்குனி பிறந்துவிட்டது. கோல்பஜாரில் வேப்பங்கொழுந்து கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. சிறு கத்தரிக்காயைப் பொடியாக அரிந்து வறுத்து, தனியே மொறுமொறுப்பாக வறுத்த கொழுந்தை அதன்மேல் நொறுக்கிப் போட்டு, சூடான சோற்றில் முதலில் சாப்பிட வேண்டும் என்று மாசி சொல்லிக் கொடுத்தார். உச்சேயும் இப்போது மலிவு. மழைக்காலம் தொடங்கினால் நீண்ட கரோலாதான் மிகுதியாக வரும். வற்றல் போட எண்ணுகிறவர்கள் வெயில் இருக்கும்போதே போட்டுக்கொள்வது நலம்.